காண்டலும் கருதலும்: சனிக்கோளின் துணைக்கோள் டைட்டன் – ஆய்வு வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

சனிக்கோளின் மிகப்பெரிய துணைக்கோளான டைட்டன் 1655ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அதன் தரையில் இறங்கிய கலம் முதன்முறையாகப் படம்பிடித்தது 2005ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட 350 ஆண்டுகளில் அத்துணைக்கோளைப் பற்றிய அறிவு எவ்வாறு வளர்ந்தது, எக்கருத்துகள் நிலைபெற்றன, எவை கைவிடப்பட்டன என்பவற்றை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது. ஒவ்வொரு கருவியும் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தது என்பதும், மறைந்ததைக் கணிக்க மேற்கொண்ட கருதல்களே அடுத்த கட்ட ஆய்வுக்கு வழியமைத்தன என்பதும் இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: டைட்டன், சனிக்கோள், ஹைகன்ஸ், குய்ப்பர், வாயேஜர், காசினி, வளிமண்டலம், மீத்தேன்

முன்னுரை

தமிழ் அளவை நூல்கள் அறிவு பெறும் வழிகளுள் காண்டலையும் கருதலையும் முதன்மையாக வைத்து எண்ணுகின்றன. புலனுக்கு நேரே படுவதை அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை அறிவது கருதல். வானியலில் இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள உறவு தனித்தன்மை வாய்ந்தது. வானியலாளர் தம் ஆய்வுப்பொருளைத் தொட்டறிய இயலாது. தொலைவிலிருந்து வரும் ஒளியையே சான்றாகக் கொள்ள வேண்டியுள்ளது. அவ்வொளியும் தடைப்படும்போது கருதலின் பங்கு மேலும் பெருகுகிறது.

டைட்டன் அத்தகைய ஓர் உலகம். அடர்ந்த செம்மஞ்சள் நிறப் புகைமூட்டம் அதன் தரையைக் கட்புலன் ஒளியிலிருந்து முற்றிலும் மறைத்திருக்கிறது. 2,575 கி.மீ. ஆரம் கொண்ட இத்துணைக்கோள் புதன் கோளைவிடப் பெரியது. சூரியக் குடும்பத்துத் துணைக்கோள்களுள் அடர்ந்த வளிமண்டலம் உடையது இது ஒன்றே. இதன் ஆய்வு வரலாற்றை வெற்றிகளின் பட்டியலாக எழுதுவது எளிது. ஆயினும் பிழைபட்ட கருதுகோள்களும், தவறவிடப்பட்ட வாய்ப்புகளும், கடினமான தெரிவுகளும் அவ்வரலாற்றில் சம அளவு இடம்பெறுகின்றன. அவற்றையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டறிதல்: பார்த்தவரும் அறிந்தவரும்

நெதர்லாந்து நாட்டவரான கிறித்தியான் ஹைகன்ஸ், தம் உடன்பிறந்தார் கான்ஸ்டன்டைனுடன் சேர்ந்து வில்லைகளைத் தாமே தேய்த்து உருவாக்கிய தொலைநோக்கி வழியாக 1655ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று சனிக்கோளை நோக்கினார். கோளின் அருகே ஒரு சிறு ஒளிப்புள்ளி தென்பட்டது. அடுத்தடுத்த இரவுகளில் அது சனியை விட்டு விலகாமல் அதனுடனேயே நகர்ந்தது. அதேவேளையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு ஊசலாடியது. இவ்வியக்கத்திலிருந்தே அது விண்மீன் அன்று, துணைக்கோள் என்ற முடிவுக்கு ஹைகன்ஸ் வந்தார்.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. ஹைகன்சுக்கு முன்பே ஹெவேலியசும் கிறிஸ்டோபர் ரென்னும் இதே ஒளிப்புள்ளியைப் பார்த்திருந்தனர். ஆனால் பின்புலத்தில் உள்ள ஒரு விண்மீன் என்றே எண்ணினர். ஆகவே கண்டறிதலின் பெருமை முதலில் பார்த்தவருக்கு அமையவில்லை. பார்த்ததன் பொருளை முதலில் அறிந்தவருக்கே அமைந்தது. அக்காலத்தில் சனியின் வளையங்கள் புவியிலிருந்து நோக்குவோர்க்கு ஏறத்தாழ விளிம்புநிலையில் மெலிந்து தோன்றியமையும் ஹைகன்சுக்குத் துணைபுரிந்தது. வளையங்களின் ஒளி குறைந்திருந்ததால் அருகிலுள்ள மங்கிய பொருளைத் தொடர்ந்து கவனிப்பது எளிதாயிற்று.

முன்னுரிமையைக் காத்துக்கொள்ளும் பொருட்டு ஹைகன்ஸ் தம் கண்டுபிடிப்பை முதலில் எழுத்துமாற்றுப் புதிராகப் பிற அறிஞர்களுக்கு அனுப்பினார். பின்னர் 1656ஆம் ஆண்டு வெளியிட்ட சிறு நூலில் துணைக்கோளின் சுற்றுக்காலம் 16 நாள் 4 மணி நேரம் எனக் குறித்தார். இன்றறியப்படும் அளவு 15 நாள் 22 மணி 41 நிமிடம். அக்காலக் கருவிகளை எண்ணும்போது இவ்வேறுபாடு மிகச் சிறியது. 1659ஆம் ஆண்டு வெளிவந்த 'சிஸ்டமா சதுர்னியும்' என்னும் நூலில் சனியின் புதிரான தோற்றத்துக்குக் காரணம் அதைத் தொடாமல் சூழ்ந்துள்ள தட்டையான வளையமே என்று விளக்கினார்.

அதே நூலில் ஹைகன்ஸ் வேறொரு கருத்தையும் வெளியிட்டார். அறியப்பட்ட கோள்கள் ஆறு. புவியின் நிலவு, வியாழனின் நான்கு, சனியின் ஒன்று எனத் துணைக்கோள்களும் ஆறு. இச்சமநிலை நிறைவானது, இனிப் புதியவை கிடைக்கமாட்டா என அவர் கருதினார். 1671ஆம் ஆண்டு காசினி ஐயபெட்டசையும், 1672ஆம் ஆண்டு ரியாவையும் கண்டறிந்தபோது அக்கருத்து வீழ்ந்தது. நோக்கீட்டில் மிகுந்த விழிப்புடன் இயங்கிய ஓர் அறிஞரே எண்களின் ஒழுங்கில் நம்பிக்கை வைத்து முடிவு கூறினார் என்பது அந்நூற்றாண்டின் அறிவுச் சூழலைக் காட்டுகிறது.

பெயரும் நிறையும்

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இத்துணைக்கோளுக்குத் தனிப்பெயர் இல்லை. புதிய துணைக்கோள்கள் கண்டறியப்பட்ட போதெல்லாம் வரிசை எண்கள் மாறின. அதனால் நூல்களில் குழப்பம் நேர்ந்தது. 1789ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் மேலும் இரு துணைக்கோள்களைக் கண்டறிந்தபின் இக்குழப்பம் மிகுந்தது. அவர் மகன் ஜான் ஹெர்ஷல், 1847ஆம் ஆண்டு வெளியிட்ட நன்னம்பிக்கை முனை நோக்கீடுகள் பற்றிய நூலில் கிரேக்கத் தொன்மப் பெயர்களைப் பரிந்துரைத்தார். சனிக்கு இணையான குரோனோசின் உடன்பிறந்தோரான டைட்டன்களின் பெயர் பெரிய துணைக்கோளுக்கு அமைந்தது அவ்வாறே. இன்று வழங்கும் ஆறாம் எண் தொலைவு வரிசையைக் குறித்து நின்றது. பின்னர் அறியப்பட்ட சிறு துணைக்கோள்களால் அந்த எண் மாற்றப்படவில்லை.

1848ஆம் ஆண்டு ஹைப்பீரியன் கண்டறியப்பட்டது டைட்டன் ஆய்வுக்கும் பயன்பட்டது. டைட்டன் நான்கு முறை சனியைச் சுற்றும் காலத்தில் ஹைப்பீரியன் மூன்று முறை சுற்றுகிறது. இவ்வொத்திசைவினால் டைட்டனின் ஈர்ப்பு ஹைப்பீரியனின் பாதையைத் தொடர்ந்து பாதிக்கிறது. அப்பாதிப்பின் அளவைக் கொண்டு டைட்டனின் நிறையைக் கணிக்க இயன்றது. ஒரு பொருளின் நிறையை அதன் அண்டைப் பொருளின் இயக்கத்திலிருந்து அறிவது கருதலுக்குத் தெளிவான எடுத்துக்காட்டு எனலாம்.

வளிமண்டலம் பற்றிய முதற் சான்றுகள்

1907ஆம் ஆண்டு பார்சிலோனா நகரின் ஃபாப்ரா வான்நோக்ககத்தில் பணியாற்றிய ஜோசப் கோமாஸ் சோலா, டைட்டனின் வட்டில் நடுப்பகுதி ஒளிமிக்கும் விளிம்புகள் இருண்டும் தோன்றுவதாகப் பதிவு செய்தார். வளிமண்டலம் உடைய பொருள்களில் இத்தகைய விளிம்பு இருள்தல் எதிர்பார்க்கத்தக்கது. ஆயினும் புவியிலிருந்து நோக்கும்போது டைட்டனின் வட்டு ஒரு வில்நொடிக்கும் குறைவான அகலமே உடையது. இத்துணைச் சிறிய வட்டில் ஒளி வேறுபாட்டைக் கண்ணால் காண இயலுமா என்ற ஐயம் பின்வந்தோரிடையே எழுந்தது. அவர் முடிவு சரியாக இருந்தது. அவர் சான்று அம்முடிவைத் தாங்கப் போதுமானதா என்பதே கேள்வி. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது அறிவியல் வரலாற்றாளர் கடமையாகும்.

கோட்பாட்டு அடிப்படையை ஜேம்ஸ் ஜீன்சின் வளிமத் தப்பியோட்டக் கணிப்பு அளித்தது. டைட்டனின் ஈர்ப்பு சிறிதாயினும் வெப்பநிலை மிகத் தாழ்ந்திருப்பதால் மூலக்கூறுகளின் வேகம் குறைந்திருக்கும். எனவே ஓரளவு எடைமிக்க வளிமங்களை அது நெடுங்காலம் தக்கவைக்க இயலும் என்பது அக்கணிப்பின் சாரம்.

ஐயத்துக்கு இடமற்ற சான்றை 1944ஆம் ஆண்டு ஜெரார்ட் குய்ப்பர் வெளியிட்டார். டெக்சாசிலுள்ள மெக்டொனால்ட் வான்நோக்ககத்தின் 82 அங்குலத் தொலைநோக்கியில் அவர் எடுத்த நிறமாலைப் படங்களில் மீத்தேனின் உட்கவர் பட்டைகள் தெளிவாகப் பதிந்திருந்தன. வியாழன், சனி ஆகியவற்றின் நிறமாலையில் மீத்தேன் ஏற்கெனவே இனங்காணப்பட்டிருந்ததால் ஒப்பிடுவது எளிதாயிற்று. துணைக்கோள் ஒன்றுக்கு வளிமண்டலம் உண்டு என்பது முதன்முறையாக உறுதிப்பட்டது.

ஆனால் குய்ப்பர் கண்டது வளிமண்டலத்தின் சிறுபங்கே. கட்புலன், அண்மை அகச்சிவப்பு ஒளியில் மீத்தேன் வலிமையான தடம் பதிக்கும். நைட்ரஜன் ஏறத்தாழத் தடமே பதிப்பதில்லை. ஆகவே சிறுபான்மை வளிமம் கண்ணுக்குப் பட்டது. பெரும்பான்மை வளிமம் முப்பத்தாறு ஆண்டுகள் மறைந்தே இருந்தது. 1970களில் இருவகை மாதிரிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. ஒன்று, மெல்லிய மீத்தேன் வளிமண்டலம். மற்றொன்று, டொனால்ட் ஹன்டன் முன்வைத்த அடர்ந்த நைட்ரஜன் வளிமண்டலம். ஒளியின் தளவிளைவு அளவீடுகள் மேலே புகைமூட்டம் இருப்பதைச் சுட்டின. அதே காலத்தில் கார்ல் சேகனும் இந்தியாவில் பிறந்த பிஷுன் கரேயும் ஆய்வகத்தில் வளிமக் கலவைகளுக்கு ஆற்றலூட்டிச் செம்பழுப்பு நிறக் கரிமப் படிவுகளைப் பெற்றனர். அவற்றுக்கு 1979ஆம் ஆண்டு 'தோலின்' என்று பெயரிட்டனர். டைட்டனின் நிறத்துக்கு அது ஏற்ற விளக்கமாக அமைந்தது.

வாயேஜரின் தெரிவு

1979ஆம் ஆண்டு செப்டம்பரில் பயனியர் 11 சனியைக் கடந்தது. அது அனுப்பிய டைட்டன் படங்களில் நுண்விவரம் இல்லை. அடுத்து வந்த வாயேஜர் 1 கலத்திற்குத் திட்டக்குழு ஒரு கடினமான முடிவெடுக்க வேண்டியிருந்தது. டைட்டனை மிக அண்மையில் கடந்தால் கலம் கோள்களின் தளத்தை விட்டு மேல்நோக்கித் திரும்பிவிடும். அதன்பின் வேறெந்தக் கோளையும் அடைய இயலாது. புளூட்டோவை நோக்கிச் செல்லும் வாய்ப்பும் அதனால் கைவிடப்பட்டது. வாயேஜர் 1 தோல்வியுற்றால் வாயேஜர் 2 டைட்டனுக்குத் திருப்பப்படும் என்பதும் திட்டமாக இருந்தது. அவ்வாறு நேர்ந்திருந்தால் யுரேனசும் நெப்டியூனும் பார்க்கப்படாமல் போயிருக்கும். ஒரு துணைக்கோளுக்கு எத்துணை மதிப்பு அளிக்கப்பட்டது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

1980ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று வாயேஜர் 1 டைட்டனின் மையத்திலிருந்து ஏறத்தாழ 6,500 கி.மீ. தொலைவில் கடந்தது. ஒளிப்படங்களில் கிட்டியது வெறும் செம்மஞ்சள் உருண்டை. தரையின் சுவடே இல்லை. படங்களை மட்டும் எதிர்பார்த்தவர்க்கு அது ஏமாற்றமே. ஆனால் பிற கருவிகள் அளித்த விளைவு வேறு. கலம் டைட்டனுக்குப் பின்னால் மறைந்தபோது அதன் வானொலி அலைகள் வளிமண்டலத்தின் ஊடாக வளைந்து புவியை அடைந்தன. அவ்வளைவு, வெப்பநிலைக்கும் சராசரி மூலக்கூறு எடைக்கும் உள்ள விகிதத்தைத் தந்தது. அகச்சிவப்புக் கருவி வெப்பநிலையைத் தனியே அளந்தது. இரண்டையும் இணைத்தபோது மூலக்கூறு எடை ஏறத்தாழ 28 எனக் கிடைத்தது. இது நைட்ரஜனுக்கு உரிய எண். புறஊதாக் கருவி நைட்ரஜனை நேரடியாகவே இனங்கண்டது. தரையில் அழுத்தம் புவியின் அளவைப்போல் ஒன்றரை மடங்கு. வெப்பநிலை ஏறத்தாழ -179 பாகை செல்சியசு. ஈத்தேன், அசிட்டிலீன், புரோப்பேன், ஹைட்ரஜன் சயனைடு முதலிய கரிமச் சேர்மங்களும் பதிவாயின.

மற்றொரு திருத்தமும் நிகழ்ந்தது. அதுவரை டைட்டனே துணைக்கோள்களுள் மிகப்பெரியது எனக் கருதப்பட்டது. புவியிலிருந்து அளந்தோர் புகைமூட்டத்தின் மேல்விளிம்பையும் சேர்த்தே அளந்தனர். திடத்தரையின் ஆரம் தெரிந்தபின் 2,634 கி.மீ. ஆரம் கொண்ட வியாழனின் கானிமீடே முதலிடம் பெற்றது.

பெருங்கடல் கருதுகோள்

வாயேஜர் விட்டுச் சென்ற புதிர் மீத்தேனைப் பற்றியது. சூரியனின் புறஊதாக் கதிர்கள் மீத்தேனைச் சிதைக்கின்றன. இப்போதுள்ள இருப்பு சில கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிட வேண்டும். இன்றும் அது இருப்பதால் எங்கிருந்தோ ஈடுசெய்யப்படுகிறது. சிதைவின் முதன்மை விளைபொருளான ஈத்தேன் தரையின் வெப்பநிலையில் நீர்மமாகத் தேங்க வேண்டும். இவற்றைக் கொண்டு 1983ஆம் ஆண்டு லூனின், ஸ்டீவன்சன், யுங் ஆகிய மூவரும் டைட்டனை ஆழமான ஈத்தேன் பெருங்கடல் மூடியிருக்கலாம் என்று முன்மொழிந்தனர். தருக்க முறையில் அது குறையற்ற கருதல்.

எதிர்ச்சான்றுகள் மெல்லச் சேர்ந்தன. டைட்டனின் பாதை சற்றே நீள்வட்டமானது. தரையில் ஆழமற்ற கடல் இருந்தால் ஓத உராய்வு அப்பாதையை என்றோ வட்டமாக்கியிருக்கும் என்று சேகனும் டெர்மட்டும் 1982ஆம் ஆண்டிலேயே சுட்டியிருந்தனர். 1990ஆம் ஆண்டளவில் புவியிலிருந்து அனுப்பிய ரேடார் அலைகள், தரை முழுதும் நீர்மமாக இருந்தால் எதிர்பார்க்கத்தக்கதைவிட வலிமையாகத் திரும்பின. 1994ஆம் ஆண்டு ஹபிள் தொலைநோக்கி, புகைமூட்டம் ஓரளவு வழிவிடும் அண்மை அகச்சிவப்பு அலைநீளங்களில் தரையின் ஒளிர்ந்த, இருண்ட பகுதிகளைப் படமெடுத்தது. உலகளாவிய கடல் என்னும் கருத்து கைவிடப்பட்டது. ஆயினும் ஈத்தேன் எங்கே என்ற கேள்வி எஞ்சியது. தவறான விடையொன்று சரியான கேள்வியைக் கூர்மைப்படுத்தியது என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

காசினி–ஹைகன்ஸ் திட்டம்

1982ஆம் ஆண்டு முன்மொழியப்பட்ட இத்திட்டம் அமெரிக்காவின் நாசா, ஐரோப்பிய விண்வெளி முகமை, இத்தாலிய விண்வெளி முகமை ஆகியவற்றின் கூட்டுமுயற்சி. 1997ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று ஏவப்பட்ட கலத்தில் காசினி சுற்றுக்கலமும், 318 கி.கி. நிறையுள்ள ஹைகன்ஸ் இறங்குகலமும் இணைந்திருந்தன. இறங்குகலம் விழப்போவது திடத்தரையிலா நீர்மத்திலா என்பது தெரியாத நிலையிலேயே அது வடிவமைக்கப்பட்டது. மிதக்க நேர்ந்தாலும் இயங்கும் கருவிகள் அதில் இடம்பெற்றன.

கலம் வழியில் இருக்கும்போதே ஓர் அபாயம் வெளிப்பட்டது. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஐரோப்பிய முகமைப் பொறியாளர் போரிஸ் ஸ்மெட்ஸ், இறங்குகலத்தின் சைகையைப் போலப் புவியிலிருந்து அனுப்பிச் சோதித்தார். சுற்றுக்கலமும் இறங்குகலமும் ஒன்றையொன்று விரைந்து நெருங்கும்போது டாப்ளர் விளைவினால் அலைவெண் மட்டுமன்றித் தரவு வரும் வேகமும் மாறும். காசினியின் ஏற்பி முதல் மாற்றத்தை ஏற்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. இரண்டாவதை ஏற்க இயலவில்லை. திருத்தாதிருந்தால் தரவின் பெரும்பகுதி இழக்கப்பட்டிருக்கும். கருவியை மாற்ற வழியில்லை. பாதையை மாற்ற வழியிருந்தது. டைட்டனிலிருந்து ஏறத்தாழ 60,000 கி.மீ. தொலைவில் காசினி கடக்குமாறு திட்டம் மாற்றப்பட்டது. அதனால் ஒப்புவேகம் குறைந்தது; இறங்கும் நாளும் 2004 நவம்பரிலிருந்து 2005 சனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

2005ஆம் ஆண்டு சனவரி 14 அன்று ஹைகன்ஸ் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் வான்குடையில் மிதந்து தரையை அடைந்தது. இரு அலைவரிசைகளுள் ஒன்றன் ஏற்பியை இயக்கும் கட்டளை விடுபட்டதால் அதன் தரவும், படங்களில் பாதியும் இழக்கப்பட்டன. காற்றின் வேகத்தை அளக்கும் ஆய்வு அவ்வலைவரிசையையே நம்பியிருந்தது. ஆயினும் புவியிலுள்ள வானொலித் தொலைநோக்கிகள் அம்மெல்லிய சைகையை நேரடியாகப் பிடித்திருந்தமையால் அவ்வாய்வு மீட்கப்பட்டது.

கிடைத்த படங்கள் கிளைத்தோடும் வடிகால்களையும், தரையில் உருண்டு தேய்ந்த பனிக்கட்டிக் கூழாங்கற்களையும் காட்டின. அங்கே பாறையின் இடத்தில் நீர்ப்பனியும், நீரின் இடத்தில் மீத்தேனும் உள்ளன. கலத்தின் வெப்பத்தால் தரையிலிருந்து மீத்தேன் ஆவியெழுந்ததைக் கருவிகள் பதிந்தன. ஆர்கான் 40 கண்டறியப்பட்டதால் உட்பகுதியிலிருந்து வளிமங்கள் வெளியேறுகின்றன என்பது தெரிந்தது.

கடல்களின் மறுவருகை

2006ஆம் ஆண்டு சூலை 22 அன்று காசினியின் ரேடார் வடதுருவப் பகுதியில் மென்மையான இருண்ட பரப்புகள் பலவற்றைப் பதிந்தது. அவை நீர்ம ஏரிகள். பின்னர்க் கிராக்கன், லிஜியா, புங்கா எனப் பெயரிடப்பட்ட கடல்கள் வரையப்பட்டன. கிராக்கன் நம் காசுபியன் கடலைவிடப் பெரியது. லிஜியாவின் ஆழம் சில இடங்களில் ஏறத்தாழ 160 மீட்டர் என ரேடார் எதிரொலி காட்டியது. அதன் நீர்மம் பெரிதும் மீத்தேனே. எதிர்பார்க்கப்பட்ட ஈத்தேன் அன்று. நடுக்கோட்டருகே கடல்களாக எண்ணப்பட்ட இருண்ட பகுதிகளோ கரிமத் துகள்களாலான மணற்குன்றுகளாக இருந்தன. 2010ஆம் ஆண்டு நடுக்கோட்டுப் பகுதியில் புயல்முகிலுக்குப்பின் தரை இருண்டதைக் கொண்டு மீத்தேன் மழை பெய்தது உறுதி செய்யப்பட்டது. 2012ஆம் ஆண்டு வெளியான ஈர்ப்பு அளவீடுகள், சனியின் ஈர்ப்பினால் டைட்டனின் உருவம் கணிசமாக நெகிழ்வதைக் காட்டி, பனி ஓட்டின் கீழ் நீர்ப் பெருங்கடல் இருக்கலாம் என்ற கருத்துக்கு வலுச்சேர்த்தன.

2017ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று காசினி சனியின் வளிமண்டலத்தில் வேண்டுமென்றே எரிந்தழியச் செய்யப்பட்டது. உயிர்வாழ்வுக்கு ஏற்ற சூழல் இருக்கக்கூடிய டைட்டன், என்செலடஸ் ஆகியவற்றைப் புவி நுண்ணுயிர்கள் தீண்டிவிடக் கூடாது என்பதே அதற்குக் காரணம்.

முடிவுரை

டைட்டன் ஆய்வு வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம். முதலாவது, பார்த்தலும் கண்டறிதலும் வேறு. ஹெவேலியசும் ரென்னும் பார்த்ததையே ஹைகன்ஸ் கண்டறிந்தார். இரண்டாவது, கருவிக்கு எளிதில் புலப்படுவது பொருளின் முதன்மைக் கூறாக இருக்க வேண்டுவதில்லை. மீத்தேன் புலப்பட்டு நைட்ரஜன் மறைந்திருந்தமை இதற்குச் சான்று. மூன்றாவது, கைவிடப்பட்ட கருதுகோளும் ஆய்வின் பகுதியே. உலகளாவிய கடல் பொய்த்தது, ஆனால் அதைத் தேடிய கருவிகளே துருவக் கடல்களைக் கண்டன.

ஈத்தேன் கணக்கு இன்னும் முழுமையாகத் தீரவில்லை. மீத்தேன் எவ்வாறு ஈடுசெய்யப்படுகிறது என்பதும் விவாதத்திலேயே உள்ளது. நாசா 2019ஆம் ஆண்டு தேர்ந்தெடுத்த டிராகன்ஃபிளை என்னும் பறக்கும் ஊர்தி, 2028ஆம் ஆண்டு ஏவப்பட்டு 2034ஆம் ஆண்டு டைட்டனை அடையத் திட்டமிடப்பட்டுள்ளது. செல்க் என்னும் மோதற்குழிப் பகுதியில் கரிமப் பொருளும் உருகிய நீரும் ஒருகாலத்தில் கலந்திருக்கக்கூடிய இடங்களை அது ஆராயும். தரையின் ஓரிடத்தை மட்டும் சிறிது நேரம் கண்ட ஹைகன்சுக்குப்பின், பல இடங்களில் இறங்கி மாதிரிகளை எடுத்துப் பகுப்பாய்வதற்கான முதல் முயற்சி அதுவாகும். அதன் முடிவுகள் இக்கட்டுரையில் கூறப்பட்ட கருதல்களுள் சிலவற்றை உறுதிப்படுத்தும்; சிலவற்றைத் திருத்தும். 1656 முதல் ஒவ்வொரு தலைமுறையும் அவ்வாறு திருத்தப்பட்டே வந்துள்ளது.